வெப்கேம் முன்னால் ஒரு வைத்தியம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய உறவினர் வீட்டுக்கு என்னைப் போன்ற சாஃப்ட்வேர்காரன் போனால் இரண்டு விஷயங்கள் நிச்சயம். ஒன்று, நல்ல ஃபில்டர் காபி. இன்னொன்று, "வந்ததுதான் வந்தே, இதையும் கொஞ்சம் பார்த்துட்டுப் போயேன்" என்று ஒரு வேலை. பிரிண்டர் ஓடாது, ஸ்பீக்கர் பேசாது, பாஸ்வேர்ட் மறந்து போயிருக்கும். சாஃப்ட்வேர் படித்தவனுக்கு பிரிண்டர் ரிப்பேர் தெரியாது என்பதை இந்தத் திருச்சியில் யாரும் நம்புவதில்லை!

ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் பெரியப்பா மகளும் அப்படித்தான் கூப்பிட்டார். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் ஒன்றில், பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிய பழைய வீடு. ரேழி, கூடம், மாடியில் ஒரே ஓர் அறை. கூடத்தில் இருந்த கம்ப்யூட்டரை மாடிக்கு மாற்ற வேண்டும், வெப்கேமும் மைக் வைத்த ஹெட்போனும் மாட்ட வேண்டும் என்றார். எதற்கு என்றதற்கு, "ஆன்லைன் கிளாஸ்" என்றார். அக்காவுக்கு 36 வயது, வேலைக்குப் போகிறவர். படிக்கட்டுமே என்று வேலையை ஆரம்பித்தேன். கேட்ட கேள்விகள்தான் கொஞ்சம் விசித்திரமாக இருந்தன.

"நான் பேசறது கீழே கேட்குமாடா?"

"நான் எதைத் தேடினேன்னு வேற யாராவது கண்டுபிடிக்க முடியுமா?"

"திரையில என் மூஞ்சி எனக்குத் தெரியாம பண்ண முடியுமா?"

முதல் இரண்டு கேள்விகளை யார் வேண்டுமானாலும் கேட்பார்கள். மூன்றாவதை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அதன் அர்த்தம் மூன்று வாரம் கழித்துத்தான் புரிந்தது, அதுவும் நான் செய்த ஒரு தப்பினால். அதைப் பிறகு சொல்கிறேன். அக்கா போய்க் கொண்டிருந்தது கிளாஸுக்கு அல்ல, சிகிச்சைக்கு. "பேரும் வீதியும் மட்டும் போடாதே. மத்ததை எழுது. என்னை மாதிரி இன்னும் நாலு பேர் இருப்பாங்க" என்று அவரே சொன்னதால் இந்தக் கட்டுரை.

சாப்பாடே நோயாகும்போது

அக்காவுக்கு இருப்பது உண்ணும் கோளாறு. ஆங்கிலத்தில் ஈட்டிங் டிஸார்டர் என்பார்கள். இதில் பல வகை உண்டு. எடை கூடிவிடும் என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைத்துக் கொண்டே போய் உடல் உருகிவிடுவது அனோரெக்ஸியா. கட்டுப்பாடில்லாமல் மூச்சு முட்டச் சாப்பிட்டுவிட்டு, பிறகு அதை ஈடுகட்ட வாந்தி, பட்டினி என்று உடலை வதைப்பது புலிமியா. லண்டன் மனநல மருத்துவர் ஜெரால்ட் ரஸல் 1979ல் இதைத் தனி நோயாக விவரித்தார். ஈடுகட்டும் வேலை எதுவும் இல்லாமல், அடிக்கடி கட்டுப்பாடு இழந்து சாப்பிட்டுவிட்டு வெட்கத்தில் கூனிக் குறுகுவது பிஞ்ச் ஈட்டிங். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இது தனி நோயாக இடம் பிடித்தது 2013ல்தான்.

'வாயைக் கட்டத் தெரியாதா?' என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் வாயைக் கட்டுவதில்தான் பாதி நோயே இருக்கிறது என்கிறார்கள் வல்லுநர்கள். காலையில் ஒன்றும் சாப்பிடுவதில்லை என்று முடிவு. மதியம் பேருக்கு இரண்டு வாய். இரவு எல்லோரும் தூங்கியதும் பசியும் மனச்சோர்வும் சேர்ந்து சமையலறைக்கு இழுக்கும். நின்றபடியே, விளக்குப் போடாமல், ருசி தெரியாமல் சாப்பாடு. பிறகு அழுகை. 'நாளை முழுப் பட்டினி' என்று சபதம். மறுநாள் அதே கதை. புரோகிராம் எழுதத் தெரிந்தவர்கள் இதை உடனே அடையாளம் காண்பார்கள்: வெளியே வர வழி வைக்காமல் எழுதிய லூப்!

நம் ஊரில் இதற்கு ஒளிந்து கொள்ள நல்ல இடமும் இருக்கிறது. ஏகாதசி, சனிக்கிழமை, அமாவாசை, சஷ்டி என்று வரிசையாக விரதங்கள். விரதம் தப்பென்று சொல்ல வரவில்லை. என் அம்மாவும் இருக்கிறார். ஆனால் பக்திக்காக இருக்கும் உபவாசமும், நேற்று இரவு தின்றதற்குத் தண்டனையாக இருக்கும் உபவாசமும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் தெரியும். அக்காவை எல்லோரும் 'ஆசாரமான பெண்' என்று பாராட்டினார்கள். அந்தப் பாராட்டுத்தான் தன்னைப் பத்து வருடம் பேச விடவில்லை என்கிறார் அவர்.

இது மேல்நாட்டு வியாதி என்று நினைக்க வேண்டாம். 1995லேயே சென்னை மனநல மருத்துவர்கள் மருத்துவ மாணவர்களிடம் ஆய்வு செய்து, முழு நோயாக முற்றாத 'உண்ணும் துயரம்' ஒன்று இங்கே இருப்பதை எழுதியிருக்கிறார்கள். 2012ல் வெளியான ஓர் ஆய்வில் பெங்களூரு மனநல மருத்துவர்களைக் கேட்டபோது, பதில் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இத்தகைய நோயாளி ஒருவரையாவது பார்த்திருந்தார்கள். ஆண்களுக்கும் வருகிறது. வேலைக்குப் போய் குடும்பம் நடத்தும் வயதிலும் வருகிறது.

பாலத்தைத் தாண்டினாலும் தெரிந்த முகம்

திருச்சியில் மனநல மருத்துவர்கள் இல்லாமல் இல்லை. சொல்லப் போனால் தமிழகத்தில் மாவட்ட மனநலத் திட்டம் முதன்முதலில் தொடங்கியதே இங்கேதான், 1997ல். அக்காவும் ஒருநாள் காவிரிப் பாலத்தைத் தாண்டி டவுனுக்கு ஒரு கிளினிக்குக்குப் போயிருக்கிறார். காத்திருக்கும் இடத்தில் எதிர் வீதி மாமி உட்கார்ந்திருந்தார். யாருக்கோ துணைக்கு வந்தவராம். அக்கா, பக்கத்துக் கடைக்கு வந்ததாகச் சொல்லித் திரும்பிவிட்டார்.

இரண்டாவது சிக்கல், இந்த நோய்க்கென்று தனிப் பயிற்சி பெற்ற உளவியலாளர்கள் பெரும்பாலும் பெரிய நகரங்களில்தான் இருக்கிறார்கள். வாரம் ஒரு முறை, இருபது வாரம். வேலைக்குப் போகிறவர் ஒவ்வொரு வாரமும் சென்னைக்கு ரயில் ஏற முடியுமா? வெப்கேம் இந்த இரண்டு சிக்கலையும் தீர்க்கிறது.

திரை வழியாக மனநல வைத்தியம் என்பது நம் பகுதிக்குப் புதிதுமல்ல. சென்னையில் உள்ள ஸ்கார்ஃப் நிறுவனம் 2010ல் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில் ஒரு பஸ்ஸை ஓட விட்டது. உள்ளே ஒரு சிறிய ஆலோசனை அறை, ஒரு மருந்துக் கடை. பஸ் கிராமத்தில் போய் நிற்கும். நோயாளி ஏறி உட்கார்ந்தால் திரையில் சென்னை டாக்டர் வருவார். அவர் எழுதும் மருந்தை அந்தப் பஸ்ஸிலேயே வாங்கிக் கொள்ளலாம். அது மனச்சிதைவு போன்ற தீவிர நோய்களுக்கானது. ஆனால் அன்று பஸ்ஸுக்குள் இருந்த வசதி இன்று உங்கள் மேஜை மேல் இருக்கிறது.

உண்ணும் கோளாறுக்கு இது பலிக்குமா? அமெரிக்காவின் வடக்கு டக்கோட்டா பகுதியில் ஊர்களுக்கு இடையே தூரம் அதிகம், நிபுணர்கள் குறைவு. அங்கே புலிமியா உள்ள 128 பெரியவர்களில் ஒரு பகுதியினருக்கு நேரிலும் மற்றவர்களுக்கு வீடியோ வழியாகவும் ஒரே சிகிச்சையைக் கொடுத்துப் பார்த்து 2008ல் முடிவை வெளியிட்டார்கள். நேரில் பார்த்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் பலன். ஆனால் வித்தியாசம் பெரிதாக இல்லை. 2017ல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வில் 179 பேர். இண்டர்நெட்டில் குழுவாக சாட் செய்து சிகிச்சை பெற்றவர்கள், சிகிச்சை முடிந்த சமயத்தில் நேரில் வந்தவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது ஏறக்குறைய எட்டிப் பிடித்துவிட்டார்கள். அதாவது மெதுவாகத்தான் வேலை செய்கிறது, ஆனால் செய்கிறது.

மறுபக்கம் இருப்பவர் யார்?

நம் நாட்டில் தொலை மருத்துவத்துக்கான விதிமுறைகள் 2020 மார்ச் 25ல், ஊரடங்கு தொடங்கிய அதே நாளில் வந்தன. வீடியோ, போன், எழுத்து மூன்றிலும் டாக்டர் ஆலோசனை சொல்லலாம். ஆனால் தன் பதிவு எண்ணைக் காட்ட வேண்டும். சில மனநல மருந்துகளைத் தொலைவிலிருந்து எழுதித் தரக் கூடாது. உளவியல் சிகிச்சை தருபவர் டாக்டராக இல்லாமல் கிளினிகல் சைக்காலஜிஸ்டாக இருந்தால், இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் வைத்திருக்க வேண்டும். அவரால் மருந்து எழுத முடியாது. முதல் நாளே எண்ணைக் கேளுங்கள். நல்லவர்கள் கோபித்துக் கொள்ள மாட்டார்கள்.

அதே விதிமுறையில் இன்னொரு வரியும் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு புரோகிராம் நேரடியாக நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது. இதைப் படித்தபோது கொஞ்சம் அதிகக் கண்டிப்பு என்று நினைத்தேன். நான் அந்தத் துறையில் இருப்பவன்தானே! அப்புறம் டெஸ்ஸாவின் கதையைப் படித்தேன். அமெரிக்காவின் தேசிய உண்ணும் கோளாறுகள் சங்கம், மனிதர்கள் பேசும் தன் உதவித் தொலைபேசியை மூட முடிவு செய்த சமயத்தில், டெஸ்ஸா என்ற சாட்பாட்டை முன்னிறுத்தியது. 2023 மே மாத இறுதியில் அதையே அவசரமாக நிறுத்த வேண்டியதாயிற்று. காரணம், உதவி கேட்டு வந்தவர்களுக்கு அது எடை குறைக்க யோசனை சொல்லத் தொடங்கிவிட்டது. கலோரியைக் குறை, வாரா வாரம் எடை பார் என்று! நோயின் லூப்புக்குள்ளேயே திரும்பத் தள்ளும் அறிவுரை. சாதாரண ஆளுக்கு அது டயட் டிப்ஸ். இவர்களுக்கு விஷம். யார் கேட்கிறார் என்பது டெஸ்ஸாவுக்குப் புரியவில்லை.

இன்று இலவசமாகக் கிடைக்கும் சாட்பாட்களிடம் எதையும் கேட்கலாம் என்பதால் சொல்கிறேன். அக்காவும் ராத்திரி இரண்டு மணிக்குக் கேட்டுப் பார்த்திருக்கிறார். மிகவும் அன்பாகப் பேசியதாம், கூடவே ஒரு டயட் சார்ட்டும் போட்டுக் கொடுத்ததாம்.

கலோரி காலத்தை அழி!

சரி, திரையில் அப்படி என்னதான் நடக்கிறது? அக்கா பெறுவது, ஆக்ஸ்போர்டின் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் உருவாக்கிய சிகிச்சை முறை. மூச்சுப் பயிற்சி, பழைய கதை என்று ஆரம்பிக்கும் என எதிர்பார்த்திருந்தார். இல்லை. முதல் வேலை, நேரத்துக்குச் சாப்பிடுவது. மூன்று வேளை சாப்பாடு, நடுவில் இரண்டு மூன்று முறை சிற்றுண்டி. பசித்தாலும் பசிக்காவிட்டாலும். லூப்பை உடைக்கும் இடம் ராத்திரி சமையலறை அல்ல, காலை இட்லி!

இரண்டாவது வேலை, குறிப்பேடு. எத்தனை மணி, என்ன சாப்பிட்டேன், எங்கே, அளவு மீறியதாகத் தோன்றினால் ஒரு நட்சத்திரக் குறி, அப்போது மனதில் என்ன. சாப்பிட்ட உடனே எழுத வேண்டும், ராத்திரி உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதக் கூடாது. இதற்கு எக்ஸெல்லில் ஒரு ஃபைல் போட்டுக் கொடுக்கச் சொன்னார். என்ன கணக்கு என்று எனக்கு அப்போது தெரியாது. ஏதோ ஆரோக்கியக் குறிப்பு என்று நினைத்து, இன்ஜினியர் புத்தி சும்மா இருக்குமா, கலோரிக்கு ஒரு காலம், கீழே கூட்டுத்தொகை, பக்கத்தில் சிவப்புக் கலரில் ஒரு கிராஃப் என்று அசத்திக் கொடுத்தேன். மறு வாரம் போன் வந்தது. "அந்தக் கலோரி காலத்தை அழிச்சிடணுமாம். கிராஃபையும்." அழித்தேன். எடை பார்ப்பதுகூட வாரம் ஒரே முறை, சிகிச்சை நேரத்தில் மட்டும். மற்ற நாட்களில் எடை மெஷின் பரண் மேல்.

அந்த ஃபைலுக்குப் பாஸ்வேர்ட் போடுவது எளிது. எக்ஸெல்லில் ஃபைல் மெனுவில் இன்ஃபோ, அதில் புரொடெக்ட் ஒர்க்புக், அதில் என்கிரிப்ட் வித் பாஸ்வேர்ட். மறந்தால் மீட்க முடியாது, ஜாக்கிரதை. நோட்டுப் புத்தகமும் பீரோ சாவியும் போதும் என்பவர்கள் அப்படியே செய்யலாம்.

எல்லோருக்கும் இருபது வார உளவியலாளர் தேவைப்படுவதில்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2017ல் தந்த வழிகாட்டுதல்படி, புலிமியா அல்லது பிஞ்ச் ஈட்டிங் உள்ள பெரியவர்களுக்கு முதல் படியே வழிகாட்டப்பட்ட சுயஉதவிதான். நோயாளியே பாடங்களைப் படித்துச் செய்வார். பயிற்சி பெற்ற ஒருவர் 20 நிமிடம் வீதம் நான்கிலிருந்து ஒன்பது முறை பேசி வழிநடத்துவார்.

மாடி அறையில் நான் செய்த தப்பு

இப்போது என் தப்பு. அந்த வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஈமெயில் கணக்கு. அத்திம்பேரின் போன், கூடத்து டிவி, கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் அதுவே. நான் மாடியில் கம்ப்யூட்டரை மாட்டியபோது பழைய கணக்கிலேயே பிரவுசரைத் திறந்து கொடுத்துவிட்டேன். வேலை முடிந்தது என்று காபி குடித்துவிட்டுக் கிளம்பியும் விட்டேன்.

அக்கா மாடியில் இந்த நோய் பற்றி நாலைந்து வீடியோ பார்த்தார். ஒருநாள் மாலை, கூடத்தில் அவருடைய மாமியார் பக்திப் பாடல் கேட்க டிவியைப் போட, 'அளவு மீறிச் சாப்பிடுவது ஏன்?' என்ற பொருளில் வரிசையாகப் படங்கள் வந்து நின்றன. மாமியாருக்குச் சர்க்கரை நோய். தன்னைக் குத்திக் காட்டத்தான் யாரோ இப்படிப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, அன்று ராத்திரி சாப்பிட மாட்டேன் என்று படுத்துவிட்டார். சமாதானப்படுத்தப் போன இடத்தில் அக்கா அழுதபடி உண்மையைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. பிறகு இரண்டு வாரம் அவர் வெப்கேம் பக்கமே போகவில்லை. எனக்கு விஷயம் தெரிந்ததும் அப்போதுதான்.

என் அவசரத்தினால் ஒருவருடைய வைத்தியம் இரண்டு வாரம் நின்றது. ஆகவே உங்கள் வீட்டில் இதைச் செய்யுங்கள். விண்டோஸில் செட்டிங்ஸ் போய், அக்கவுண்ட்ஸ், அதில் அதர் யூசர்ஸ், அதில் ஆட் அக்கவுண்ட். தனிப் பெயர், தனி பாஸ்வேர்ட். அந்தக் கணக்குக்குள் போய், புதிய ஈமெயில் ஒன்று தொடங்கி, பிரவுசரை அதில் மட்டும் திறக்க வேண்டும். இன்காக்னிட்டோ விண்டோ போதாதா என்று கேட்பீர்கள். அது பார்த்த பக்கங்களின் பட்டியலைத்தான் சேமிக்காது. டவுன்லோட் செய்த மருந்துச் சீட்டு ஃபோல்டரில் அப்படியே கிடக்கும். பணம் கட்டும் விஷயத்தையும் யோசியுங்கள். கூட்டுக் கணக்கிலிருந்து யூ.பி.ஐ.யில் கட்டினால் கிளினிக் பெயர் பாஸ்புக்கில் வரும், எஸ்.எம்.எஸ். வேறு யார் போனுக்குப் போகிறது என்றும் பாருங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017ன்படி சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க டாக்டர் கடமைப்பட்டவர். டிவிக்கு அந்தச் சட்டம் தெரியாது!

முகம் தெரியாமல் செய்வது எப்படி? ஜூமில் உங்கள் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து ஹைட் செல்ஃப் வியூ என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். டாக்டருக்கு நீங்கள் தெரிவீர்கள், உங்களுக்கு மட்டும் தெரிய மாட்டீர்கள். உடம்பையும் முகத்தையும் பார்த்தாலே கூசுபவர் ஐம்பது நிமிடம் தன்னையே பார்த்துக் கொண்டு எப்படிப் பேச முடியும்? அக்கா கேட்ட மூன்றாவது கேள்வியின் அர்த்தம் அதுதான்.

ஜன்னலுக்கு எதிரே முகம் இருக்கும்படி உட்காருங்கள், முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வேண்டாம். நொடிக்கு ஒன்றிரண்டு மெகாபிட் வேகம் சீராகக் கிடைத்தாலே வீடியோ ஓடும். வைஃபை மாடிக்கு எட்டாவிட்டால் கேபிள் இழுத்துவிடுங்கள். ஹெட்போன் மாட்டினால் டாக்டர் பேசுவது வெளியே கேட்காது, நீங்கள் பேசுவது கேட்கும். அதற்குச் சாஃப்ட்வேர் கிடையாது. கதவருகே ஒரு டேபிள் ஃபேன் ஓட விட்டோம்.

கம்ப்யூட்டர் போதாத இடம்

எடை வெகுவாகக் குறைந்தவர்கள், மயங்கி விழுபவர்கள், அடிக்கடி வாந்தி எடுப்பவர்கள், நெஞ்சு படபடப்பவர்கள் வெப்கேம் முன் உட்கார்ந்திருக்கக் கூடாது. வாந்தியால் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். அதை ரத்தப் பரிசோதனையும் ஈ.சி.ஜி.யும்தான் காட்டும், திரை காட்டாது. அக்காவின் உளவியலாளர்கூட முதலில் உள்ளூர் டாக்டரிடம் இவற்றைப் பார்த்துவிட்டு வரச் சொல்லித்தான் ஆரம்பித்தார். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருபவர்களும் காத்திருக்கக் கூடாது.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற எண்ணில் டெலி மானஸை அழைக்கலாம். 2022 அக்டோபர் 10ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் இது. பெங்களூரு நிம்ஹான்ஸ் இதற்குத் தலைமை மையம். கட்டணம் கிடையாது, இரவும் பகலும் தமிழில் பேசலாம். தமிழகத்தில் 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்ற பெயரில் நடக்கிறது. 2024 அக்டோபரில் இதற்கு மொபைல் ஆப்பும் வந்தது. இருபது வாரச் சிகிச்சையை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். அடுத்து யாரிடம் போவது என்று தெரிந்து கொள்ள நல்ல வாசல்.

அக்கா இப்போது பதினான்காவது வாரத்தில் இருக்கிறார். குறிப்பேட்டில் நட்சத்திரங்கள் குறைந்திருக்கின்றன, நிற்கவில்லை. போன வாரம் ஒரே ராத்திரியில் இரண்டு. சிகிச்சை முடியும்வரை உபவாசம் வேண்டாம் என்று உளவியலாளர் சொல்லியிருக்கிறார். ஸ்ரீரங்கத்தில் இருந்து கொண்டு வைகுண்ட ஏகாதசிக்குச் சாப்பிடுவதா என்று அக்கா தயங்கியபோது, "உடம்பு சரியில்லாதவாளுக்கு விரதம் கிடையாது, நீ சாப்பிடு" என்று தட்டை எடுத்து வைத்தவர் மாமியார்தான். வியாழக்கிழமை ஏழு மணி ஆனால் டிவி சத்தத்தையும் அவரே கொஞ்சம் கூட்டி வைக்கிறாராம். நான் வாங்கிக் கொடுத்த டேபிள் ஃபேனுக்கு இப்போது வேலை இல்லை.

எனக்கு வேலை இருக்கிறது. போன வியாழன் பேச்சின் நடுவே கரண்ட் போய்விட்டதாம். இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டர் ஓடியிருக்கிறது, கீழே ரேழியில் இருக்கும் மோடம் அணைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போய் மோடத்துக்கு ஒரு சின்ன யூ.பி.எஸ். மாட்ட வேண்டும்.